ஐந்து பேருக்கு ஒரு பிரிண்டர்: நிழற்படச் சங்கத்து நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிழற்படச் சங்கத்து நண்பர்களுக்கு,



ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் காசிமேட்டிலோ மயிலாப்பூர் மாடவீதியிலோ கேமராவும் கையுமாகச் சுற்றிவிட்டு டீக்கடை வாசலில் கூடும்போது, உங்கள் பேச்சில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி ஒன்று உண்டு. "வீட்டுக்கே ஒரு பெரிய பிரிண்டர் வாங்கிப் போட்டால் என்ன?" கேள்வி நியாயமானதுதான். ஹார்ட் டிஸ்கில் பல்லாயிரம் படங்கள் உறங்குகின்றன. சுவரில் தொங்குவதோ ஒரே ஒரு கல்யாணப் படம், அதுவும் வேறொருவர் எடுத்தது. எடுத்த படத்தைக் கைவிரல்களால் பிடித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் தவறு காண யாராலும் முடியாது. ஆனால் எந்தப் பிரிண்டர் என்று பேசுகிற அளவுக்கு, அதற்கு யார் தீனி போடுவது என்று உங்கள் கூட்டங்களில் பேசப்படுவதில்லை. இந்த மடலின் வேலை அதுதான்.

பெரிய பிரிண்ட் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1856இல் சென்னை மாகாணத்தின் அரசு நிழற்படக்காரராக அமர்த்தப்பட்டவர் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி. மாட்டு வண்டிகளில் கேமராவையும் ரசாயனங்களையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அவர் முறையில் எதிர்ப்படத்தைத் தாளோடு அழுத்தி வைத்து வெயிலில் காட்டித்தான் பிரிண்ட் எடுக்க வேண்டும். எதிர்ப்படம் எத்தனை அங்குலமோ பிரிண்டும் அத்தனை அங்குலம். 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் கணக்கைப் பார்த்தார். இது ஆடம்பரச் செலவு என்று வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். படம் பெரிதானால் பின்னாலேயே கணக்குப்பிள்ளையும் வருவார் என்பது அன்றைக்கே தெரிந்த கதை.

இன்றைய மைத்தெளிப்புப் பிரிண்டரின் கதையும் செலவில்தான் தொடங்குகிறது. பாடகர் கிரஹாம் நாஷ் நிழற்படச் சேகரிப்பாளரும்கூட. அச்சகங்களில் மாதிரிப் பிரதி எடுப்பதற்காகச் செய்யப்பட்ட ஐரிஸ் 3047 என்ற எந்திரத்தை அவர் 1,26,000 டாலர் கொடுத்து வாங்கினார். 1991இல் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் மேக் ஹோல்பர்ட்டோடு சேர்ந்து நாஷ் எடிஷன்ஸ் என்ற அச்சுக்கூடத்தைத் திறந்தார். சுழலும் உருளையில் தாளைச் சுற்றி மை தெளிக்கும் எந்திரம் அது. அங்கே பணியாற்றிய ஜாக் டுகேன், இந்தப் பிரிண்டுகளுக்குக் கௌரவமாக ஒரு பெயர் வேண்டும் என்று பிரெஞ்சுச் சொல்லொன்றிலிருந்து 'ஜிக்ளே' என்று சூட்டினார். பொருள் என்னவோ 'பீய்ச்சியது' என்பதுதான். இன்றைக்குக் கலைக்கூடங்களில் அந்தப் பெயரே விலையை ஏற்றுகிறது. அந்த ஐரிஸ் எந்திரம் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சொத்து. அதன் தொடக்ககால மை சில ஆண்டுகளிலேயே வெளிறிப்போனது என்பது தனிக் கதை.

அந்த எந்திரம் செய்த வேலையை அதைவிடச் சிறப்பாகச் செய்யும் பிரிண்டர் இப்போது மேசைமேல் அடங்குகிறது. எப்சனின் ஷ்யூர்கலர் பி700 13 அங்குல அகலத் தாளையும் பி900 17 அங்குல அகலத் தாளையும் ஏற்கும். இரண்டும் 2020இல் வந்தவை, ஆளுக்குப் பத்து மை. கேனனில் இமேஜ்புரோகிராஃப் புரோ-300 13 அங்குலம், புரோ-1000 17 அங்குலம். இவற்றுக்குப் பின்வந்தவை புரோ-310, புரோ-1100. நம் ஊர்க் கடைகளில் அதிகம் புழங்கும் எப்சன் எல்1800, அதன் வாரிசான எல்18050 ஆகியவை ஆறு மை ஊற்றும் ஏ3+ தொட்டிப் பிரிண்டர்கள். வீட்டுக்கு யோசிப்பவர் பார்க்க வேண்டிய பட்டியல் ஏறக்குறைய இவ்வளவுதான். 24 அங்குலப் பிரிண்டரை ஹாலில் வைத்தால் சோபாவைத் தெருவில் வைக்க நேரும்.

அகலத்தில் ஏமாறாதீர்கள். ஆல்பங்களால் பழகிய 12×18 அளவு ஏ3+ தாளில், அதாவது 13×19 அங்குலத்தில், ஓரம் விட்டு அழகாக உட்காரும். ஏ2 தாள் 16.5×23.4 அங்குலம். பரப்பில் ஏ3+ போல ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம், மையும் அதே விகிதத்தில். படத்தின் தரம் இதற்குப் போதுமா என்ற கவலை பெரும்பாலும் தேவையற்றது. 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000×4000 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கண்டிப்பான கணக்கிலேயே 20×13 அங்குலம் வந்துவிடும். 200 புள்ளி போதும் என்றால் 30×20. சுவரில் மாட்டிய படத்தை ஐந்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மூக்கை ஒட்டிப் பார்ப்பவர்கள் சக நிழற்படக்காரர்கள் மட்டுமே; அவர்களுக்காக வாங்குவதா என்பது உங்கள் விருப்பம்.

எடையைப் பாருங்கள். பி900 பதினைந்து கிலோவை ஒட்டியது, ஒருவரே தூக்கலாம். புரோ-1000 முப்பது கிலோவைத் தாண்டும். மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லாத வீடு என்றால் இந்த ஒரு தகவலே முடிவைச் சொல்லிவிடும். கனத்த தாளை நேர்க்கோட்டில் உள்ளே இழுக்கும் வசதிக்குப் பிரிண்டரின் பின்னாலும் இடம் விட வேண்டியிருக்கும். அளவு நாடாவைக் கடைக்குக் கொண்டுபோவதைவிட வீட்டு மேசைமேல் பிடித்துப் பார்ப்பது நல்லது.

இனி மை. இங்கேதான் நின்று நிதானிக்க வேண்டும்.

மையில் சாயம், நிறமி என்று இரண்டு சாதி. சாயம் தாளுக்குள் ஊறும். பளபளப்புத் தாளில் கண்ணைப் பறிக்கும். நிறமி நுண்துகளாகத் தாளின் மேல் படியும். வெளிச்சத்தையும் காற்றையும் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். எல்1800, எல்18050 சாய மையில் ஓடுபவை. பி700, பி900, புரோ-300, புரோ-1000 நிறமி. எது நல்லது என்பதற்கு 2000ஆம் ஆண்டில் நடந்தது நல்ல பாடம். அந்த ஆண்டில் வந்த எப்சன் 870, 1270 பிரிண்டர்களின் படங்கள் பலரை அசத்தின. ஆனால் சிலருடைய வீடுகளில், கண்ணாடி போடாமல் வைத்த பிரிண்டுகள் சில வாரங்களிலேயே ஆரஞ்சு நிறமாக மாறின. குற்றவாளி வெயில் அல்ல, காற்றில் இருந்த ஓசோன். நுண்துளைத் தாளுக்குள் புகுந்து நீலப்பச்சைச் சாயத்தைத் தின்றுவிட்டது. அதே ஆண்டு வந்த நிறமி மைப் பிரிண்டர் 2000பி-யோ வேறொரு வம்பு செய்தது: குழல்விளக்கின் கீழே சரியாகத் தெரிந்த படம் ஜன்னலோரம் கொண்டுபோனால் பச்சையடித்தது. 2002இல் இளங்கறுப்பு மை சேர்ந்த பிறகே அந்தச் சிக்கல் தணியத் தொடங்கியது. இன்றைய பிரிண்டர்களில் கறுப்புக்கும் சாம்பலுக்கும் மட்டுமே மூன்று நான்கு கார்ட்ரிட்ஜ் இருப்பதற்குக் காரணம் இப்படிப்பட்ட பழைய காயங்கள்தான்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் உயிரை வைத்திருப்பவர்களுக்குச் சொந்தப் பிரிண்டர் வாங்க உண்மையான காரணம் இதுவே. கலர் லேபில் வண்ணத் தாளில் போடும் கறுப்பு வெள்ளைப் படம் கொஞ்சம் ஊதாவாகவோ பச்சையாகவோ வந்து நிற்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சாம்பல் மைகள் கொண்ட நிறமிப் பிரிண்டர் அந்தக் குறையைத் தீர்க்கும். வண்ணப் படத்துக்கு அந்த அளவு வலுவான காரணம் கிடையாது.

அடுத்தது அளவு. பழகியவர்களின் தோராயக் கணக்கில் ஒரு சதுர மீட்டர் படத்துக்குப் பத்திலிருந்து பதினைந்து மில்லி மை. ஏ3+ முழுத் தாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 2 மில்லி, ஏ2 தாளுக்கு 3 மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது கார்ட்ரிட்ஜைப் பாருங்கள். புரோ-300இல் ஒன்றுக்கு 14.4 மில்லி, பத்தும் சேர்ந்து 144. பி700இல் 25 மில்லி வீதம் 250. பி900இல் 50 வீதம் 500. புரோ-1000இல் 80 மில்லி வீதம் பன்னிரண்டு, மொத்தம் 960. எல்18050க்கு 70 மில்லி பாட்டில் ஆறு, 420. சிறிய பிரிண்டரின் விலை குறைவு, ஆனால் அதன் மை மில்லிக்கு மில்லி விலை கூடுதல். கடைக்காரர் முதல் பாதியைச் சொல்வார். இரண்டாம் பாதியை நீங்கள்தான் வகுத்துப் பார்க்க வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொன்னவர் கார்ட்ரிட்ஜ் வாங்கிப் பழகியவராக இருந்திருக்க வேண்டும்.

இந்த மை முழுவதும் தாளுக்குப் போய்ச் சேர்ந்தாலும் பரவாயில்லை. போவதில்லை. முதன்முதலில் குழாய்களை நிரப்பவே ஒரு பங்கு போகும். பிறகு ஹெட் கிளீனிங். மை தெளிக்கும் ஹெட்டில் மயிரிழையைவிட நுண்ணிய துளைகளில் மை உலர்ந்து அடைத்துக்கொள்ளும். அடைப்பை எடுக்கப் பிரிண்டர் தன் மையையே பீய்ச்சிக் கழிவுப் பெட்டியில் கொட்டும். நாலு மாதம் தூங்கிய பிரிண்டரை எழுப்ப ஆகும் மையில் நாலைந்து நல்ல படங்கள் போட்டிருக்கலாம். யானையைக் கட்டித் தீனி போட்டால் யானைக்காவது வயிறு நிறையும். இது தின்னாமலே தீர்க்கிற யானை.

பிரிண்டர் ஓடி ஓடிக் கெட்டதைவிட ஓடாமல் கெட்டதே வீடுகளில் அதிகம். வாரம் ஒருமுறை துளை அடைப்பைக் காட்டும் நாஸில் செக் தாளாவது, எல்லா நிறமும் கலந்த ஒரு சிறு படமாவது போட்டே ஆக வேண்டும். மே மாதத்தில் ஏசி ஓடும் அறை உலர்ந்துபோகும். அப்போது இன்னும் கவனம். மின்வெட்டு வரும் ஊரில் ஒரு பழக்கம் கட்டாயம்: பிரிண்டரை அதன் சொந்தப் பொத்தானால் அணையுங்கள். அப்போதுதான் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடியிட்டுக்கொள்ளும். சுவர் சுவிட்சைத் தட்டினால் மூடாமல் நடுவழியில் நின்று காயும். பின்பக்கத் தட்டின் மேல் ஒரு துணி போடுவதும் நல்லது. தூசிக்காக மட்டும் அல்ல. பல்லிக்கு அந்த இருட்டு மிகவும் பிடிக்கும்.

ஹெட் போனால் என்ன ஆகும் என்பதையும் வாங்கும் முன்பே கேளுங்கள். கேனன் முறையில் மையைச் சூடாக்கிக் குமிழி எழுப்பித் துளியைத் தள்ளுகிறார்கள். 1977இல் அந்த நிறுவன ஆய்வுக்கூடத்தில் சூடான சால்டரிங் இரும்பு மை நிரம்பிய ஊசியில் பட்டு மை தெறித்ததிலிருந்து பிறந்த முறை அது. சூடு படும் ஹெட் காலப்போக்கில் தேயும் என்பதால், புரோ-1000 போன்றவற்றில் அதை வாங்கி நீங்களே மாற்றிக்கொள்ளலாம். எப்சன் சூடாக்குவதில்லை, மின்சாரம் பட்டால் நெளியும் பீசோ படிகம் மையை அழுத்துகிறது. நீண்ட நாள் உழைக்கும், ஆனால் போனால் சர்வீஸ்காரர்தான் வர வேண்டும். சென்னையிலும் கோவையிலும் இருப்பவருக்கு இது பெரிய கவலையாகத் தோன்றாது. அறந்தாங்கியிலோ கோவில்பட்டியிலோ இருப்பவர், அந்த மாடலின் ஹெட்டை யார் மாற்றித் தருவார், எத்தனை நாளாகும் என்று விசாரிக்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

பழைய பிரிண்டர் வாங்குவோருக்கு ஒரு சொல். எல்1800ஐ நம் ஊரில் கோப்பையில் படம் ஒட்டும் சப்ளிமேஷன் வேலைக்கும் சட்டைத்துணி அச்சுக்கும் மை மாற்றி ஓட்டியவர்கள் ஏராளம். தொட்டியில் இதற்கு முன் என்ன மை இருந்தது என்று கேட்காமல் வாங்கினால், பிறகு உங்கள் பாட்டியின் படமும் காபிக் கோப்பை நிறத்தில் வரும். எப்சன் 3880, பி800 கிடைத்தால் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் பளபளப்புத் தாளுக்கான கறுப்பும் மேட் தாளுக்கான கறுப்பும் ஒரே வழியில் போகின்றன. தாளை மாற்றும்போதெல்லாம் மையைக் கழித்துவிட்டுத்தான் மறு கறுப்பு வரும். ஒரே வகைத் தாளோடு இருப்பேன் என்பவருக்கு மட்டும் அவை பொருந்தும்.

தாளைப் பற்றி நிறையப் பேசலாம், ஆனால் தொடக்கத்தில் பேசத் தேவையில்லை. 1584 முதல் காகிதம் செய்யும் ஜெர்மனியின் ஹானமூலே விற்கும் 308 ஜிஎஸ்எம் பருத்தித் தாள் அற்புதமானது. முதல் ஐம்பது பிரிண்டுகளுக்கு அது வேண்டாம். பிழை செய்யும் பருவத்துக்கு மலிவான தாள் போதும். புதுச்சேரியில் அழகான கைக்காகிதம் வாங்கிவந்து பிரிண்டருக்குள் விட்டுப் பார்க்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். மேற்பூச்சில்லாத தாளில் மை பரவும், உதிரும் நார் ஹெட்டில் போய் ஒட்டும். மழைக்காலத்தில் தாளை அதன் உறையிலேயே, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்க வேண்டும். ஈரம் குடித்த தாள் நெளிந்து ஹெட்டை உரசும்.

"திரையில் பிரகாசமாக இருந்தது, தாளில் இருண்டுவிட்டது" என்று புலம்பாதவர் கிடையாது. பத்தில் ஒன்பது முறை தப்பு பிரிண்டருடையது அல்ல. திரையின் வெளிச்சம் முழு உச்சத்தில் இருக்கும். தாள் தானாக ஒளிராதே! திரையைச் சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா அளவுக்கு இறக்கி, அளவுக்கருவி வைத்துச் சரிபார்த்து, அந்தத் தாளுக்கும் அந்தப் பிரிண்டருக்கும் உரிய ஐசிசி நிறக்கோப்பைப் பயன்படுத்தினால் பெரும்பாலான புலம்பல் அடங்கும். இருட்டறைக் காலத்து மூத்தவர்கள் செய்தது போல, முழுத் தாளுக்கு முன் ஒரு சிறு துண்டில் முகமோ வானமோ மட்டும் போட்டுப் பார்க்கும் வழக்கமும் நிறைய மையை மிச்சப்படுத்தும். பிரிண்ட் வந்தவுடன் கண்ணாடிக்குள் பூட்ட வேண்டாம். ஒரு நாள் ஆறவிட்டுப் பிறகு பிரேம் கடைக்கு அனுப்புங்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் லேபிலேயே போட்டுவிடலாமே" என்று சிலர் எழுந்துபோகக்கூடும். போகலாம். ஆண்டுக்கு முப்பது நாற்பது பெரிய படங்களுக்கு மேல் போடாதவர் தனியாகப் பிரிண்டர் வாங்குவது வீண். நல்ல லேபில், கோப்பை எஸ்ஆர்ஜிபியில் கொடுத்து, "உங்கள் பக்கம் கலர் கரெக்‌ஷன் வேண்டாம்" என்று சொல்லிக் கேட்டால் வண்ணப் படம் அருமையாகவே வரும். லேபில் போடும் வெள்ளி உப்புத் தாள் இன்றும் சோடை போகவில்லை.

ஆனால் சங்கமாகக் கூடியிருப்பவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. ஏனோ அது பேச்சில் வருவதே இல்லை. ஊரில் கல்யாண அண்டாவை ஆளுக்கொன்று வாங்குவதில்லையே! ஐந்து பேர் சேர்ந்து ஒரு 17 அங்குலப் பிரிண்டர் வாங்குங்கள். கணக்கைப் பாருங்கள்: ஆளுக்கு மாதம் மூன்று ஏ2 படம் என்றால் ஆண்டுக்கு 180 படம், ஏறத்தாழ 540 மில்லி. பி900இன் முழு மைத்தொகுதிக்குச் சற்று மேல். தனியாக வாங்கியவர் போடும் 36 படத்துக்கு 108 மில்லி போதும். மீதி மை சுத்தம் செய்தே தீர்வதும், காலாவதித் தேதியை எட்டுவதும் உண்டு. ஐந்து பேர் மாறி மாறி வந்தால் வாராவாரம் எந்திரம் ஓடும், ஹெட் காயாது. திரையைச் சரிபார்க்கும் அளவுக்கருவியும் ஒன்றே போதும். அது எப்படியும் மாதத்தில் இருபத்தொன்பது நாள் டிராயரில் கிடப்பதுதான்.

சண்டை வராமல் நடத்துவதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். யார், எந்தத் தாள், எத்தனை மில்லி என்று எழுத வேண்டும்; இவ்வகைப் பிரிண்டர்களில் செலவான மையைப் பார்க்க வழி இருக்கிறது. தாள் அவரவர் கொண்டுவருவது, மை பொதுவில் வாங்கி மில்லிக் கணக்கில் பிரிப்பது. கிளீனிங் செலவு மட்டும் ஐந்தில் ஒரு பங்கு. பிரிண்டர் யார் வீட்டில் இருக்க வேண்டும் என்றால், பெரிய வீடு உள்ளவர் வீட்டில் அல்ல. பகலில் ஆள் இருக்கும் வீட்டில், வாரம் தவறாமல் நாஸில் செக் போடும் பொறுமை உள்ளவர் வீட்டில். அவருக்கு மாதம் ஒரு படம் இலவசம் என்று எழுதி வைத்துவிடுங்கள்.

இன்னொரு லாபமும் உண்டு, கணக்கில் வராதது. தட்டிலிருந்து மெல்ல இறங்கி வரும் தாளைச் சுற்றி ஐந்து பேர் நின்றால், "இந்த நிழல் அடைத்துவிட்டது" என்று ஒருவராவது சொல்வார். செல்பேசியில் விழும் கட்டைவிரல்கள் அதைச் சொல்வதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் மாடல் எண்களைப் பேசுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். சென்ற ஆண்டு நீங்கள் உண்மையில் எத்தனை பெரிய படம் பிரிண்ட் போட்டீர்கள் என்று ஒவ்வொருவரும் ஒரு துண்டுத்தாளில் எழுதி நடுமேசையில் வையுங்கள். கூட்டிப் பார்த்து நூறைத் தாண்டினால் பிரிண்டர் வாங்குங்கள். தாண்டாவிட்டால் லேபுக்குப் போய் ஆளுக்கொரு படம் போட்டுக்கொண்டு வாருங்கள்.